பக்கி முட்டையும் புலித்தடமும்

பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டை இடது கையில் ஏந்தியிருக்கிறார் ஒரு மனிதர். பாறையைச் சுற்றி இறங்கித் திரும்பிப் பார்த்தால், எட்டடி தூரத்தில் ஆட்கொல்லிப் புலி படுத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்க்கிறது. முட்டைகளைக் கீழே போடவில்லை. வலது கையால் மட்டும் துப்பாக்கியை அங்குலம் அங்குலமாகத் திருப்பிச் சுடுகிறார். புலி செத்த பிறகு அந்த முட்டைகளைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைக்கிறார்.

இதை வாசித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எழுதியவர் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் என்பதுகூட அப்போது தெரியாது. எங்கள் ஊர் நூலகத்தில் இருந்த தமிழ் மொழிபெயர்ப்புக்கு அட்டையும் இல்லை, முதல் பத்துப் பக்கங்களும் இல்லை. நூல் பிரிந்து, சணலால் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு முறைக்குப் பதினான்கு நாள் என்று நான்கு முறை புதுப்பித்து எடுத்தேன்.

எங்கள் வீடு பேச்சிப்பாறைக்கு மேற்கே, கடையாலுமூடு பக்கம். அப்பா தனியார் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, தலையில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்தால்தான் பால் நன்றாக ஒழுகும். லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். சிரட்டையில் முந்தின தடவை உறைந்துகிடக்கும் ஒட்டுப்பாலைப் பிரித்துக் கூடையில் போடுவது என் வேலை. அந்த இருட்டில், தோட்டப் பாதையின் நடுவில், சிவப்பாக ஒரு பொட்டு மின்னும். கிட்டே போனால் அணைந்துபோய், சத்தமே இல்லாமல் ஒரு நிழல் எழுந்து பறக்கும். அதுதான் பக்கி. பல வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஆனால் அதன் முட்டைக்காக ஒரு வேட்டைக்காரர் கவலைப்பட்டிருக்கிறார் என்று வாசித்த பிறகுதான் அதற்கு முகம் இருப்பதே எனக்குத் தெரிந்தது. அடுத்த லீவு நாளில் தோட்டத்துக்கு வேறு கண்ணோடு போனேன்.

கார்பெட்டைப் பற்றிப் பின்னால் ஒவ்வொன்றாகத் தேடித் தெரிந்துகொண்டேன். 1875-ல் இமயமலையின் குமாவுன் பகுதியில் உள்ள நைனிதாலில் பிறந்தவர். ஆறு வயது முடிவதற்குள் தகப்பனார் போய்விட்டார். குளிர்காலத்தில் குடும்பம் மலையிலிருந்து இறங்கிக் காலாதுங்கிக்கு வந்துவிடும். அங்கே வீட்டைச் சுற்றிக் காடு. பையனுக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி, ஒரு குழல் வெடித்துப் பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டிய பழைய துப்பாக்கி. இதைப் படித்த அன்றே நான் தென்னை மட்டையில் ஒரு துப்பாக்கி செய்து, செம்புக் கம்பி சுற்றி, வீட்டுக்குப் பின்னால் இருந்த அயனி மரத்தடியில் ஒளித்துவைத்தேன். பெரியவரான பிறகு அவர் காட்டில் வேலை செய்யவில்லை. கங்கைக் கரையில் மொகாமா காட் என்ற இடத்தில் ரயில்வேக்காக இருபது வருடத்துக்கு மேல் சரக்கு மாற்றி ஏற்றும் வேலை பார்த்தார். அவர் பெரும் பணக்காரர், ராஜாக்களைப்போல யானை மேல் உட்கார்ந்து வேட்டையாடியவர் என்று நினைத்திருந்தேன். மூட்டை தூக்குகிறவர்களோடு வேலை பார்த்த மனிதர் என்று தெரிந்ததும் எங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றமாதிரி ஆகிவிட்டார்.

சம்பாவத் என்ற இடத்து ஆட்கொல்லிப் புலியை அவர் சுட்டது 1907-ல். எங்கள் பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்ததற்கு மறுவருடம். நேபாளத்தில் 200 பேர், குமாவுனில் 236 பேர், ஆக 436 பேரைக் கொன்ற புலி என்று அவர் கணக்குச் சொல்கிறார். அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலது பக்கத்தில் மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது, கீழ்ப்பல் எலும்போடு போயிருந்தது. எவனோ எப்போதோ சுட்ட குண்டு. மான் பிடிக்க முடியாத புலி மனிதனைப் பிடித்தது. இன்னொரு புலிக்கு முள்ளம்பன்றியோடு சண்டை போட்டு ஒரு கண் போய், காலில் ஐம்பது முள் ஏறியிருந்தது. கொன்ற மிருகத்தின் பல்லையும் பாதத்தையும் பார்த்து, இது ஏன் இப்படி ஆனது என்று கேட்பதுதான் அவர் வழக்கம். வேட்டைக் கதை என்று எடுத்த புத்தகத்தில் எனக்குக் கிடைத்தது இந்தக் கேள்விதான்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். புத்தகத்தில் 'புலி' என்று வருகிற இடமெல்லாம் நான் மனதில் பார்த்தது புள்ளி போட்ட உருவத்தை. எங்கள் பக்கத்தில் புலி என்றால் சிறுத்தைதான். வரி போட்டதைக் கடுவா என்போம். முப்பது பக்கம் தாண்டி 'வரிகள்' என்ற சொல் வந்த பிறகுதான் விஷயம் புரிந்து, மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். இன்றைக்கும் எங்கள் ஊரில் யாராவது "புலி வந்திருக்கு" என்று சொன்னால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "புலியா, கடுவாயா?" என்பதுதான். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரியாமல் பெரிய குழப்பமே நடந்திருக்கிறது.

சரி, என் குழப்பத்துக்கு வருகிறேன்.

1990 ஐப்பசி. இரண்டு நாள் அடைமழை விட்டிருந்தது. தோட்டத்துக்குக் கீழே ஓடைக்கரைச் சேற்றில் ஒரு தடத்தைப் பார்த்தேன். என் விரித்த உள்ளங்கை அளவு இருந்தது. நான்கு விரல், நடுவில் ஒரு மெத்தை. நெஞ்சு படபடவென்று அடித்தது. குமாவுனில் நிற்பதுபோலவே இருந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லவில்லை. நேராக டீக்கடைக்குப் போய், "கடுவாத் தடம் கண்டேன்" என்றேன். ஓடையிலிருந்து தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளின் பக்கமாகப் போயிருக்கிறது என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன். தடம் இருந்தது ஒன்றே ஒன்று. ஒற்றைத் தடத்தை வைத்து அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்லமுடியாது என்பது அந்தப் புத்தகத்தை நான்கு முறை வாசித்தவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

மறுநாள் யாரும் வெட்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மழையால் ஏற்கெனவே வேலை கெட்டிருந்த மாதம். எங்கள் வரிசையில் பதினான்கு பேர், எல்லோரும் வெட்டினால்தான் கூலி. கணவர் இல்லாத ஒரு அக்கா, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெட்டுக்குப் போகிறவர், இரண்டாம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு அரிசி கடன் வாங்க வந்தார். அம்மா படி அளந்து கொடுப்பதை நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அக்கா போகும்போது என் தலையைத் தடவி, "பிள்ளை கண்டதுனால நாம தப்பிச்சோம்" என்றார். அந்தக் கை பட்ட இடம் இன்னும் எனக்குத் தெரியும்.

அப்பா அன்று காலையே ஓடைக்கரைக்குப் போய், மழை கரைத்துவிடாதபடி அந்தத் தடத்தின்மேல் கமுகம்பாளையைக் கவிழ்த்து, ஓரத்தில் கல் வைத்துவிட்டு வந்திருந்தார். மூன்றாம் நாள் மலைமேல் குடியிருப்பிலிருந்து காணிப் பழங்குடியைச் சேர்ந்த வயதான ஒருவரைக் கூட்டிவந்தார். காணிப் பாட்டா என்றுதான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம். அவர் பாளையைத் தூக்கினார். தடத்தைப் பார்க்காமல் அதைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, ஒரு ஈர்க்கை ஒடித்து, விரல் பதிவுகளுக்கு முன்னால் இருந்த நான்கு சின்னக் குழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"இது நகம். கடுவா நகத்தைக் காட்டி நடக்காது மக்கா. இது பட்டிக்க தடம்."

தோட்டத்து மேல்பங்களாவில் வளர்த்த பெரிய நாய். ஈரச்சேற்றில் கால் சறுக்கித் தடம் அகன்றிருக்கிறது, மழைத்தண்ணீர் ஓரங்களைக் கரைத்து இன்னும் பெரிதாக்கியிருக்கிறது. அவர் என்னைத் திட்டவில்லை. "நீ கண்டது தடம். கடுவான்னு நெனச்சது நீ. ரெண்டையும் ஒண்ணாக் கெட்டி ஊருக்குச் சொல்லியாச்சு" என்றார். அப்பா ஒன்றுமே பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தார். மறுநாள் வெட்டில் என்னைக் கூட்டிப்போய், அந்த அக்காவின் பங்கு மரங்களில் ஒட்டுப்பால் பிரிக்கச் சொன்னார். ஒரு மாதம் லீவு நாளெல்லாம் அவருக்குப் பிரித்துக் கொடுத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம், அது நாய்த்தடம், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று என் வாயால் சொன்னேன்.

அதற்குப் பிறகு மறுபடி அந்தப் புத்தகத்தை எடுத்தேன். நான்கு முறை வாசித்தும் கண்ணில் படாமல் போன ஒரு பகுதி இப்போது பளிச்சென்று தெரிந்தது. சௌகர் என்ற இடத்து ஆட்கொல்லியின் கதை. தாய்ப்புலியும் வளர்ந்த குட்டியும் சேர்ந்து திரிகின்றன. ஒருநாள் இரண்டும் கார்பெட்டின் எதிரில் கிடக்கின்றன. ஒன்று கொஞ்சம் வெளிறிய நிறம். வயதானதால் வெளிறியிருக்கும், இதுதான் தாய் என்று நினைத்து அதைச் சுடுகிறார். செத்தது குட்டி. தாய் தப்பிவிட்டது. அந்தத் தவறு அடுத்த பன்னிரண்டு மாதத்தில் பதினைந்து பேரின் உயிரை வாங்கியது என்று அவரே எழுதியிருக்கிறார். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கடைசியில் 1930-ல் அந்தத் தாய்ப்புலியைத்தான் பக்கி முட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சுட்டது. நான் மயங்கிக் கிடந்த வீரச்செயலுக்குப் பின்னால் அந்தப் பதினைந்து பேர் இருந்திருக்கிறார்கள். அன்றுமுதல் எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை வேறு மாதிரி ஆனது. குறி தப்பாமல் சுடத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருந்திருப்பார்கள். பார்த்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டேன், அதனால் ஆட்கள் செத்தார்கள் என்று பேரும் புகழும் வந்த பிறகு எழுதிவைக்க வேறு மனசு வேண்டும்.

அந்த வருடமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் 'கண்டது'. வலது பக்கம் 'நினைத்தது'. தடம், எச்சம், குரல், ஒடிந்த கிளை எல்லாம் இடது பக்கம். இது இன்ன மிருகமாக இருக்கலாம், இன்ன நேரத்தில் போயிருக்கலாம் என்பது வலது பக்கம். முப்பது வருடத்துக்கு மேலாகிறது, இன்றைக்கும் இந்தக் கோடுதான். இப்போது ஒன்றரை ஏக்கர் சொந்த ரப்பர். நானே வெட்டுகிறேன், ஒன்றுவிட்ட நாள் வெட்டு. பிள்ளைகளுக்கு இயற்கையைச் சொல்லிக்கொடுக்க என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இந்த நோட்டைத்தான். காமிராவும் பைனாகுலரும் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். நோட்டு எழுதுகிற பிள்ளை ஒரே வருடத்தில் தனக்கு எது தெரியாது என்பதைக் கண்டுபிடித்துவிடும்.

தடம் பார்ப்பதில் காணிப் பாட்டா காட்டியதையும் பிறகு நான் சேர்த்துக்கொண்டதையும் சொல்கிறேன். பூனை இனத்துக்கு நகம் உள்ளே மடங்கியிருக்கும், சாதாரண நடையில் பதியாது. வழுக்கும் இடத்திலும் பாய்கிற இடத்திலும் பதியலாம், அதனால் ஒரு தடத்தை வைத்து முடிவு கட்டாமல் நான்கைந்து தடம் தேடவேண்டும். நடுமெத்தையின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு தெரிந்தால் பூனை இனம். நாய்க்கு மெத்தை சின்னது, முக்கோணம்போல இருக்கும். நாயின் விரல்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவாக அமையும், மெத்தைக்கும் விரல்களுக்கும் நடுவில் பெருக்கல் குறி போடலாம். பூனை இனத்தில் விரல்கள் கொஞ்சம் சாய்ந்து, ஒன்று முந்தி நிற்கும். அகலம் பார்த்தால் சிறுத்தைக்கு ஏழிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர், கடுவாய்க்கு அதைவிட நன்றாகவே பெரிது. ஆனால் அளவை மட்டும் நம்பினால் நான் மாட்டிக்கொண்டதுபோல மாட்டிக்கொள்ளவேண்டியதுதான். உலர்ந்த மெல்லிய புழுதியில் விழுந்த தடம்தான் உண்மை அளவைச் சொல்லும். சேற்றில் விழுந்தது எப்போதும் கூட்டிச் சொல்லும். போட்டோ எடுப்பதானால் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். காலை எட்டு மணிக்கு முன், சாயங்காலம் நாலு மணிக்குப் பின், வெயில் சாய்ந்து விழும்போது தடத்தின் பள்ளம் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. மழை வரும்போல இருந்தால் பாளையோ பழைய சட்டியோ எடுத்துக் கவிழ்த்துவையுங்கள். எங்கள் அப்பா செய்தது அதுதான், அதனால்தான் அன்றைக்கு உண்மை தெரிந்தது.

எவ்வளவு நேரத்துக்கு முன் விழுந்த தடம் என்பது அடுத்த படி. மிதிபட்ட புல் மெதுவாக நிமிரும். அது பாதி நிமிர்ந்து நின்றால் மிருகம் அதிக தூரம் போயிருக்காது. தடத்துக்கு மேல் எறும்போ புழுவோ ஊர்ந்த கோடு இருக்கிறதா, தடத்துக்குள் ரப்பர் இலை விழுந்திருக்கிறதா, மிதித்த இலை மண்ணுக்குள் அமுங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ராத்திரி பெய்த தூறலின் புள்ளிகள் தடத்துக்குள் இருந்தால் மழைக்கு முன் நடந்தது, இல்லாவிட்டால் மழைக்குப் பின். காலாதுங்கிப் பாதையில் சின்ன வயதில் கார்பெட் கற்றுக்கொண்டதும் இந்தப் பாடம்தான். நம் வீட்டு முற்றத்தில் கோழியின் தடத்தை வைத்தே இதைப் பழகலாம். கோழி போன நேரம் நமக்குத் தெரியும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்தால் தடம் எப்படி மாறுகிறது என்பது பிடிபடும். நான் அப்படித்தான் பழகினேன்.

குரல்களைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் மலையில் மிளா, அதாவது கடமான், கூப்பிட்டால் பித்தளை மணியை ஒரே ஒருமுறை அடித்ததுபோலக் கணீரென்று கேட்கும். கேளையாடு என்ற சின்ன மான் நாய் குரைப்பதுபோலக் குரைக்கும். கருமந்திக் குரங்கு மரத்தின் மேலிருந்து உறுமும். காட்டுக்கோழி படபடவென்று கத்தும். இதில் கேளையாட்டை நான் உடனே நம்புவதில்லை. மனிதனைக் கண்டாலும் குரைக்கும், ஒன்றுமில்லாததற்கும் குரைக்கும். மிளா திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, குரல் வரும் இடம் மெல்ல நகர்ந்து, அதே கோட்டில் கருமந்தியும் சேர்ந்துகொண்டால், அங்கே ஏதோ நடந்துபோகிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் ஓடைச் சத்தம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். தை, மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து கிடக்கும்போது தடம் ஒன்றும் பதியாது, ஆனால் காது நன்றாகக் கேட்கும். காய்ந்த ரப்பர் இலைமேல் ஓணான் ஓடினாலே நாற்பதடி கேட்கும்.

காற்றுப் பாடம் கார்பெட்டிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. மனிதனுக்கு மிருகங்களைப்போல மோப்பம் பிடிக்க வராது என்பது ஆட்கொல்லிப் புலிக்குத் தெரியாது. மானை எப்படி அணுகுமோ அப்படியேதான் நம்மையும் அணுகும், அதாவது காற்று நம்மைத் தாண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து. எதிர்க்காற்றில் நடக்கிறவனுக்கு ஆபத்து முதுகுப்பக்கம். அவர் வளைந்து வளைந்து நடந்து, ஆபத்துக்குரிய பக்கத்தை இடதிலோ வலதிலோ வைத்துக்கொள்வாராம். நான் மெல்லிய துணியில் அடுப்புச் சாம்பலை முடிந்து இடுப்பில் வைத்திருப்பேன். ஒரு தட்டு தட்டினால் காற்று எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் இங்கே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும், ஏனென்றால் புத்தகத்தை அப்படியே பின்பற்றி நான் உயிரை விட்டிருப்பேன். கார்பெட் சத்தமில்லாமல் நடந்தார், தனியாக நடந்தார். அவர் மிருகத்தைத் தேடிப் போனவர். நாம் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் மலையடிவாரத்தில் கடுவாயைவிட, புலியைவிட, யானைதான் நிஜமான ஆபத்து. பலாச்சக்கை பழுக்கிற மாதங்களில், விளை என்று நாங்கள் சொல்லும் தோட்டத்திலேயே வந்து நிற்கும். எனக்கு இருபத்திநாலு வயதில் ஒரு காலை, ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பூனைபோல நடந்து பழகிக்கொண்டிருந்தேன். காற்று எதிரிலிருந்து அடித்தது. பாதை வளைவில் பாறை என்று நினைத்தது அசைந்தது. பதினைந்தடிதான் இருக்கும். நான் சத்தம் போடாததாலும் என் வாடை அதற்குப் போகாததாலும் நான் வருவது யானைக்குத் தெரியவில்லை. அது காதை விரித்துத் திரும்பியது. சரிவில் உருண்டு, ரப்பர்க் குழி ஒன்றுக்குள் விழுந்து, முழங்கால் பிசகி அங்கேயே கிடந்தேன். அது இரண்டடி வைத்து, நின்று, மூச்சுவிட்டுத் திரும்பிப் போனது. மூன்று மாதம் வெட்டுக்குப் போகமுடியவில்லை.

ஆகவே எதிர்க்காற்று அடிக்கும் காலைகளில்தான் அதிகச் சத்தம் போட்டு நடக்கவேண்டும். எங்கள் வெட்டுக்காரர்கள் வளைவுக்கு வளைவு இருமுவதும், ஒருவரையொருவர் கூப்பிடுவதும், பாட்டுப் பாடுவதும் இதற்காகத்தான். யானைக்கும் நம்மைச் சந்திக்க விருப்பமில்லை, நாம் இருப்பது தெரிந்தால் பெரும்பாலும் விலகிவிடும். யானைச் சாணம் கிடந்தால் கையை அதன்மேல் காட்டிப் பாருங்கள். சூடும் ஆவியும் இருந்தால் வந்த வழியே திரும்புங்கள், அன்றைய வெட்டு போனால் போகட்டும். அதன் வாடை மூக்குக்கு வந்துவிட்டால் வேறு அடையாளமே தேடவேண்டாம். சிறுத்தை நடமாட்டம் இருக்கிற வாரத்தில் இருட்டில் வெட்டப் போகாதீர்கள், விடிந்த பிறகு போனால் பால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். குனிந்தோ குந்தியோ இருக்கும் ஆள் சிறுத்தையின் கண்ணுக்குச் சின்ன மிருகமாகத் தெரிவான். கீழ்வெட்டு உள்ள மரங்களில் இருவராக நின்று, ஒருவர் வெட்ட ஒருவர் சுற்றிப் பார்ப்பது நல்லது.

துப்பாக்கி ஆசை எனக்கு எப்போது போனது என்று யோசித்துப் பார்க்கிறேன். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை முடிந்துபோன விஷயம் என்பது ஒரு பக்கம். கார்பெட்டே பின்னாளில் துப்பாக்கியைவிடக் காமிராவை விரும்பினார் என்பது இன்னொரு பக்கம். இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-ல் அவர் பகுதியில் அமைந்தது. 1955-ல் கென்யாவில் அவர் இறந்த பிறகு அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆனால் உண்மையில் என் ஆசை போனது ஒரு கம்பியைப் பார்த்த அன்று. பன்றி மரச்சீனிக் கிழங்கைத் தோண்டுகிறது என்று யாரோ பைக் பிரேக் கேபிளில் சுருக்கு வைத்திருந்தார்கள். அதில் மாட்டியிருந்தது ஒரு மிளாக் குட்டி. கழுத்தில் கம்பி இறங்கி, சுற்றிலும் மண்ணை உதைத்து உதைத்து ஒரு வட்டப் பள்ளமே ஆகியிருந்தது. ஈ மொய்த்த அந்தக் கண்ணைப் பார்த்ததும் சம்பாவத் புலியின் உடைந்த பல்தான் ஞாபகத்துக்கு வந்தது. இதே சுருக்கில் ஒரு சிறுத்தை மாட்டி, கம்பியை அறுத்துக்கொண்டு ஒரு காலை இழந்து தப்பினால் அது அப்புறம் எதைப் பிடித்துத் தின்னும்? மரச்சீனி போன நஷ்டம் எனக்கும் தெரியும், ஒரே ராத்திரியில் ஒரு வருட உழைப்பு போகும். அதற்குச் சுருக்கு வழியல்ல. அன்றிலிருந்து வெட்டு முடிந்ததும் விளையின் ஓரமாக ஒரு சுற்று நடந்து கம்பி இருக்கிறதா என்று பார்ப்பதை வேலையாகவே வைத்திருக்கிறேன். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், மிருகத்தடம் வேலியைக் கடக்கும் இடத்தில்தான் கட்டுவார்கள். கண்டால் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

2023 ஜூலையில் சிற்றாறு ரப்பர் கழகக் குடியிருப்புப் பக்கம் கடுவா இறங்கி ஆடு மாடுகளை அடித்தபோது மாவட்டமே அதைப் பற்றித்தான் பேசியது. ஒரு மாதத்துக்கு மேல் காமிரா வைத்து, கூண்டு வைத்து, ஆட்கள் தேடி, கடைசியில் மயக்க ஊசி போட்டுத்தான் பிடித்தார்கள். அந்த நாட்களில் எனக்கு நாளுக்குப் பத்துப் போட்டோ வந்தது, எல்லாம் தடம். ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: எத்தனை தடம் கண்டீர்கள், மண் ஈரமா, பக்கத்தில் தீப்பெட்டி வைத்தீர்களா. எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் எடுத்ததில் பெரும்பாலானவை நாய். இரண்டு மட்டும் நாய் இல்லை என்று தோன்றியது. அந்த இரண்டையும் பாளை போட்டு மூடச் சொல்லி, வனத்துறை ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர்கள் சிறுத்தை என்றார்கள். அவர்கள் சொல்லும்வரை நான் யாரிடமும் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. டீக்கடையில் கேட்டபோதும் சொல்லவில்லை. அரிசிக்கு வந்த அந்த அக்காவின் மகன் இப்போது என் விளைக்கு அடுத்த விளையில் வெட்டுகிறான். அவனிடம் மட்டும், "நாளைக்கு விடிஞ்ச பொறவு ரெண்டு பேருமாப் போவோம்" என்றேன்.

போன பங்குனியில் என் மகளைக் கூட்டிக்கொண்டு வெட்டுக்குப் போனேன். அவளுக்கும் இப்போது பன்னிரண்டு. மூன்றாம் வரிசையில் பதினோராவது மரத்துக்குப் பக்கத்தில் காலடியிலிருந்து பக்கி எழுந்து பறந்தது. அடிபட்டதுபோல இறக்கையை இழுத்துக்கொண்டு தரையோடு தத்திப் போனது. நான் லைட்டைத் தாழ்த்தினேன். சருகின் மேல் இரண்டு முட்டை. கூடு என்று ஒன்றுமில்லை. மங்கலான சந்தன நிறத்தில் பழுப்புப் புள்ளிகள். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருந்தது. அவள் கையை நீட்டவில்லை. நாங்கள் பின்னாலேயே நகர்ந்து வந்துவிட்டோம். அடையாளத்துக்கு ஒரு சிரட்டையை எதிர்மரத்தடியில் கவிழ்த்துவைத்து, மூன்று வாரத்துக்கு அந்த மரத்தையும் இருபுறமும் உள்ள மரங்களையும் வெட்டுவதில்லை என்று முடிவு செய்தோம்.

வீட்டுக்கு வந்து பல்தேய்ப்பதற்கு முன்பே அவள் நோட்டை எடுத்துவிட்டாள். கண்டது என்ற பக்கத்தில், "முட்டை 2. பறவை 1. இறக்கையை இழுத்துக்கொண்டு போனது" என்று எழுதினாள். நினைத்தது என்ற பக்கத்தில் "இறக்கை ஒடிந்திருக்கிறது" என்று எழுதிவிட்டு, பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்து, அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: "அல்லது நம்மை முட்டையிலிருந்து தூரமாகக் கூட்டிப்போகப் பார்த்தது. நாளை மறுநாள் பார்க்கவேண்டும்."